கீழ்க்காட்டுக் கிணற்றுத் தண்ணீர்

என் வாழ்வில் நான் பார்த்த முதல் வெள்ளைக்காரர் எங்கள் பெரியப்பாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பெரியப்பா கொடுக்கவில்லை.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை பெரியப்பா யாருக்கும் தண்ணீர் மறுத்து நான் பார்த்ததில்லை. ஆடு மேய்த்துக்கொண்டு வருகிறவர், மின்கம்பத்தில் ஏற வந்தவர், வழி தெரியாமல் எங்கள் காட்டுக்குள் வண்டியை விட்டுவிட்டு முழிப்பவர், யாராக இருந்தாலும் முதலில் சொம்பை நீட்டுவார். அவர்கள் அண்ணாந்து குடித்து முடித்து, மேல்துண்டால் வாயைத் துடைத்த பிறகுதான் "ஏனுங்க, எந்தூருங்க நீங்க?" என்று கேட்பார். அப்படிப்பட்ட மனிதர், கடல் தாண்டி வந்த ஒருவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. எங்கள் வகுப்பில் யாரிடமும் சொல்லக்கூட முடியவில்லை. வெள்ளைக்காரர் வந்த கதையைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டியிருக்குமே என்று, அந்தக் கதையையே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் காடு காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கிறது. மழையை நம்பிய காடு; விளைநிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பங்கு பிரிந்தபோது மேல்பாதி அப்பாவுக்கும் கீழ்பாதி பெரியப்பாவுக்கும் வந்தது. நடுவில் கிளுவை வேலி. வேலியில் ஒரு ஆள் உடம்பைத் திருப்பி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில் அதிகம் போய்வந்தது நான்தான். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு, இரண்டு வீட்டிலும் செல்லம், ஒரு வீட்டில் மட்டும்தான் திட்டு.

மழை தொடர்ந்து பொய்த்து, அப்பாவின் தென்னை ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு யோசனையோடு வந்தார். மாமா எப்போதும் யோசனையோடுதான் வருவார். அதற்கு முன்னால் கோழிப்பண்ணை, அதற்கும் முன்னால் காடை. இந்த முறை மஞ்சித்தூள்.

தேங்காய் மட்டையை மில்லில் அடித்து நாரை எடுத்துவிட்டால், பழுப்பு நிறத்தில் தூள் மிஞ்சும். அதைத்தான் எங்கள் பக்கம் மஞ்சித்தூள் என்பார்கள். ஒரு காலத்தில் மில்லுக்காரர்கள் அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ரோட்டோரம் மலைமலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. அந்தக் குப்பையை இப்போது வெளிநாட்டில் கேட்கிறார்கள் என்றார் மாமா. பூச்செடி வைக்கிற தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக இதைப் போடுகிறார்களாம்.

"அவுங்க ஊர்ல மண்ணு இல்லீங்களா மாப்ளை?" என்று அப்பா கேட்டார்.

"இருக்குதுங்க மச்சான். அந்த மண்ணை வெட்டக்கூடாதுன்னு அங்க ஒரே சத்தமாமுங்க. அதனால நம்ம தூளு வேணுமாம். நமக்கு என்னங்க, கேட்டாக் குடுக்க வேண்டியதுதான."

அப்பாவுக்கு அது பிடித்துப்போனது. பட்டுப்போன தென்னைகளை வெட்டி, இடத்தைச் சமன்செய்து, தூள் காயவைக்கக் களம் போட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. தூளை அழுத்தி எடுத்த கட்டி ஒரு பெரிய செங்கல் போல இருக்கும். அதை அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொதுபொதுவென்று ஊதி அண்டாவே நிறைந்துவிடும். பெரியப்பாவைக் கூட்டிவந்து அதைக் காட்டினேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்து, "இத்தனை தண்ணியக் குடிக்குதா இது!" என்று ஆச்சரியப்பட்டார்.

ஆனால் தூளை அப்படியே அனுப்ப முடியாது. அதில் உப்பு இருக்கும், செடி கருகிவிடும். திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தென்னைக்குப் போதாத எங்கள் கிணற்றுத் தண்ணீர் இதற்குப் போதுமாக இருந்தது; தொட்டியில் விழுந்து, தூளை நனைத்து, கறுப்புக் காப்பி போலக் கீழே இறங்கும். அது எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும். எங்களுக்குப் பள்ளம் பெரியப்பாவின் காடு.

முதலில் அவருடைய கிணறு டீ நிறத்துக்கு வந்தது. பிறகு இன்னும் கறுத்தது. பெரியம்மா துணி துவைத்தால் வெள்ளை வேட்டி காவி வேட்டியாகக் கொடியில் தொங்கும். "உங்க பெரியப்பாவுக்குச் சாமியாராப் போற ஆசை வந்துருச்சு கண்ணு" என்று அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். குடிக்கிற தண்ணீரை ஊருக்குள் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவர ஆரம்பித்தார் பெரியப்பா. குழாயில் தண்ணீர் எல்லா நாளும் வராது. அவருக்கு ஒரு மயிலை மாடு இருந்தது, சாம்பல் நிறக் காங்கேயத்து மாடு. தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெயில் தாங்காமல் கடைசியில் குடித்தது. சினையாக இருந்த மாடு, கன்று செத்துப் பிறந்தது. தண்ணீரால்தான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. பார்க்க வந்த மாட்டு டாக்டர் மட்டும், கை கழுவப் போனவர், தொட்டியைப் பார்த்துவிட்டுக் கழுவாமலே வந்து, "தண்ணிய மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பெரியப்பா வேலிச் சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. எங்கள் பக்கத்தில் சண்டைகூட 'ங்க' போட்டுத்தான் நடக்கும்.

"தம்பி, அந்தத் தண்ணிய வேற பக்கம் திருப்பி உட முடியுமான்னு பாரு."

"எந்தப் பக்கமுங்கண்ணா திருப்பறது? மூணு பக்கமும் அடுத்தவங்க காடு. ஒரு நல்ல மழை பேஞ்சாச் சுத்தமாப் போயிருமுங்க."

பெரியப்பா வானத்தைப் பார்க்கவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். "சரி, பேயட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மழை பெய்யவில்லை. வெள்ளைக்காரர் வருகிற செய்திதான் வந்தது.

தூள் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பாராம். தூள் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கமாட்டாராம். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, அக்கம்பக்கத்தில் யாருக்காவது தொந்தரவா என்றும் கேட்பாராம். மாமாவுக்கு இது விளங்கவே இல்லை. காசு கொடுத்துச் சரக்கு வாங்குகிறவனுக்குப் பக்கத்துக் காட்டைப் பற்றி என்ன கவலை?

விளங்காவிட்டாலும் வேலையில் இறங்கினார். கழிவுநீர் ஓடும் வாய்க்கால்மேல் காய்ந்த தூளைப் பரப்பி மறைத்தார். லாரித் தண்ணீர் வாங்கி எங்கள் கிணற்றடித் தொட்டியை நிரப்பினார். தொட்டியில் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. நான் அதில் முகம் பார்த்தேன். பிறகு மாமாவும் அப்பாவும் கீழ்க்காட்டுக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

மாமாதான் பேச்சை ஆரம்பித்தார். சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர விஷயத்துக்கு வரவில்லை. அப்பா இடையில் புகுந்து, பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"அண்ணா, நாளைக்கு வர்றவங்க கேட்டா, தண்ணி நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இந்த ஒரு வாட்டி. அப்பறம் நான் சிமிட்டித் தொட்டி கட்டி, ஒரு சொட்டு உங்க பக்கம் வராமப் பண்ணிப்போடறேன்."

பெரியம்மா வீட்டுக்குள் ஏதோ பாத்திரத்தை வேகமாக வைத்தாள். பெரியப்பா கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றார்.

மறுநாள் கார் வந்தது. வெள்ளைக்காரர் நான் நினைத்த மாதிரி இல்லை. கோட்டு இல்லை, தொப்பி இல்லை. சாயம்போன சட்டையும், வெயிலில் வெந்த முகமும், மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகளுமாக இருந்தார். கூடவே கோயமுத்தூர் ஆபீசிலிருந்து ஒரு அக்கா. அவர் பேசுவதை அக்கா தமிழில் சொல்லுவாள், நாங்கள் பேசுவதை இங்கிலீசில் சொல்லுவாள். களத்தைப் பார்த்தார், தூளை முகர்ந்தார், தொட்டியைப் பார்த்தார், தலையாட்டினார். மாமாவின் நெற்றியில் வியர்வை குறைந்துகொண்டே வந்தது. அம்மா இளநீர் வெட்டிக் கொடுத்தாள்.

அத்தோடு காரில் ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் வேலிச் சந்தைப் பார்த்துவிட்டார். அந்தப் பக்கம் யார் என்று கேட்டார்.

பெரியப்பா புதுத் துண்டு போட்டுக்கொண்டு தயாராக நின்றார். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். வெள்ளைக்காரர் கட்டிலில் உட்காராமல் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். நான் பெரியப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா எதையும் கேட்க விடாமல் வேறு பேச்சுக்கு இழுக்கப் பார்த்தார்.

"உங்க ஊர்ல மண்ணு வெட்டக்கூடாதுங்கறாங்களாமே, அது என்ன மண்ணுங்க?"

அந்த ஒரு கேள்வியில் வெள்ளைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து பெரிய போன் ஒன்றை எடுத்து எங்களுக்குப் படம் காட்டினார். அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவர் ஊர் வடக்கே எங்கேயோ, எப்போதும் தூறிக்கொண்டே இருக்கும் குளிர் நாடு. அங்கே பாசிதான் நிலம். ஒருவிதப் பாசி தண்ணீரைக் குடித்துக் குடித்து வளர்ந்து, அடியில் செத்தாலும் மட்காமல், அதன்மேல் மறுபடி பாசி வளர்ந்து, அப்படியே பல்லாயிரம் வருடமாக மேலே மேலே வந்து, நடுவில் உப்பிய அப்பம் மாதிரி மேடாக நிற்கிறது. அந்த மேட்டை வெட்டிக் காயவைத்தால் அடுப்பெரிக்கலாம். தொட்டிச் செடிக்குப் போடலாம். வெட்ட வேண்டுமென்றால் முதலில் வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். அவருடைய அப்பா அப்படி வாய்க்கால் தோண்டியவர். இவர் இப்போது அதே வாய்க்கால்களை அடைக்கிறவர். அடைத்தால் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் பாசி திரும்ப வரும்.

"அப்ப இப்ப வெட்டறதில்லீங்களா?" என்றார் அப்பா.

அக்கா கேட்டுச் சொன்னாள்: "ஒரு பக்கம் இன்னும் வெட்டறாங்களாம். அதே கம்பெனிதான். வெட்டி முடிச்ச பக்கத்துல இவரை வெச்சுப் பாசி வளக்கறாங்களாம். நம்ம தூள் நிறையப் போனா வெட்டறது கொறையுமாம்."

மாமா என் அப்பாவின் காதில், "பாசி வளக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க பாருங்க" என்றார். எங்கள் ஊரில் தொட்டியில் பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவத்தான் ஆள் வைப்பார்கள்.

பெரியப்பா மட்டும் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு படத்தில் பருத்தி வெடித்துக் கிடப்பது போல வெள்ளை வெள்ளையாகப் பூ. "இது பருத்திங்களா?" என்று கேட்டார். இல்லையாம், அது ஒரு புல்லாம், தண்ணீர் திரும்பி வந்ததற்கு அடையாளமாம். பெரியப்பா இன்னொன்று கேட்டார்.

"மேட்டுல எப்படிங்க தண்ணி நிக்கும்? பள்ளத்துக்குத்தான வரும்?"

அக்கா அதைச் சொன்னதும் வெள்ளைக்காரர் தன் தொடையைத் தட்டிச் சிரித்தார். இதுவரை போன இடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லையாம். பாசி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஆறு, ஓடை எதுவும் அந்த மேட்டுக்கு வராதாம். வானத்திலிருந்து விழுகிறதுதான் அதற்குச் சோறும் தண்ணீரும்.

"மழைய மட்டும் நம்பி நிக்குதா? அப்ப எங்க காடு மாதிரியேதானுங்க" என்றார் பெரியப்பா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா தேவைப்படவில்லை. அந்த ஒரு நிமிடம், பெரியப்பாவுக்கு எங்கேயோ ஒரு தம்பி இருந்து திரும்பி வந்தது போல எனக்குத் தோன்றியது. அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு வெள்ளைக்காரர் தான் கேட்க வந்ததைக் கேட்டார். உங்கள் கிணறு எப்படி இருக்கிறது?

பெரியப்பா துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டார்.

"நல்லாருக்குதுங்க. நல்ல தண்ணிங்க."

அப்பா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. அக்கா எழுந்துவிட்டாள். வெள்ளைக்காரரும் எழுந்தார். ஆனால் காருக்குப் போகாமல், மாமா "இந்தப் பக்கமுங்க, இந்தப் பக்கமுங்க" என்று கையைக் காட்டக் காட்ட, நேராகக் கிணற்றுக்குப் போய்ச் சுவரில் கை வைத்து எட்டிப் பார்த்தார்.

நாங்கள் எல்லோரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷம் இருந்தது. அக்காவிடம் வேகவேகமாக ஏதோ சொன்னார்.

"அவங்க ஊர்த் தண்ணி இதே நெறந்தானாம். பாசி மேட்டுல இருந்து வர்ற தண்ணி இப்படித்தான் பழுப்பா இருக்குமாம். சின்ன வயசுல அவங்கப்பாகூட வேலைக்குப் போனா அதைத்தான் கையில அள்ளிக் குடிப்பாராம். ரொம்ப நல்ல தண்ணியாம். நீங்க நல்ல தண்ணின்னு சொன்னது சரிதான்னு சொல்றாரு."

மாமாவுக்கு வாயெல்லாம் பல். கடவுளே நேரில் வந்து வழிகாட்டினாலும் இப்படி ஒரு வழி காட்டியிருக்க மாட்டார். "ஆமாங், ஆமாங், அதே தண்ணிதானுங்க!" என்றார்.

வெள்ளைக்காரர் கயிற்றை எடுத்துத் தானே வாளியை இறக்கினார். பழக்கமில்லாத கை, பாதித் தண்ணீர் சிந்தி மேலே வந்தது. வாளியைச் சுவரில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவைப் பார்த்து, கையைக் குவித்து வாயருகே வைத்துக் காட்டினார். குடிக்கட்டுமா என்று கேட்கிறார். அது எனக்கே புரிந்தது. வெயிலில் வந்தவர், தாகமாக இருந்திருக்கும்.

குனிந்து இரண்டு கையிலும் அள்ளினார்.

"வேண்டாமுங்க."

பெரியப்பா இரண்டே எட்டில் போய் அவர் கைமேல் கை வைத்துவிட்டார். அள்ளிய தண்ணீர் இருவர் கையிலும் வழிந்தது. வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை என்பது போலத் தலையாட்டி, மறுபடி வாளிக்குள் கையை விட்டார். பெரியப்பா வாளியைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தார்.

"குடிக்காதீங்க சாமி. இது உங்க ஊர்த் தண்ணி இல்லீங்க. குடிக்காதீங்க."

கவிழ்ந்த தண்ணீர் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா காலி வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா இதை இங்கிலீசில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வெள்ளைக்காரர் வாளியைப் பார்த்தார். வேலிக்கு மேலே தெரிந்த எங்கள் களத்தைப் பார்த்தார். அங்கிருந்து இங்கே இறங்கும் சரிவைக் கண்ணால் அளந்தார். காவி நிறத்தில் கொடியில் தொங்கிய வேட்டியைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதில் வந்தது: சாரி. தண்ணீர் கேட்டுத் தொந்தரவு கொடுத்ததற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெரியப்பாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் ஊரில் காப்பாற்றி வைக்கிற தண்ணீர் அது. பழுப்பாக இருந்தால் நல்லது என்று அவரே சொல்லிவிட்டார். நம் கிணறு நிறைய அது கிடக்கிறது. ஒரு கை கொடுத்தால் குறைந்தா போகும்?

கார் போனது. புழுதி அடங்குமுன் மாமா கத்த ஆரம்பித்தார். அப்பா கத்தவில்லை. பெரியப்பாவின் முன்னால் போய் நின்றார்.

"நல்ல தண்ணின்னு சொன்னீங்களேண்ணா. அதோட உட்டிருக்கலாமல்லங்க. ஒரு கை தண்ணி குடுத்திருந்தா என்னங்க கெட்டுப்போயிருக்கும்?"

"குடுக்கறதுக்குத் தண்ணி இருந்தாக் குடுத்திருப்பனப்பா" என்றார் பெரியப்பா.

அப்பா வேலிச் சந்து வழியாக எங்கள் பக்கம் திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே இலந்தை முள் வெட்டிவந்து சந்தை அடைத்தார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கம்பெனி எங்கள் தூளை நிறுத்திவிட்டது. கழிவுநீருக்குத் தொட்டி கட்டிக் காட்டினால் மறுபடி வாங்குகிறோம், அதற்கு உதவியும் செய்கிறோம் என்று அக்கா போன் செய்து சொன்னாள். மாமா அதைப் பெரியப்பாவின் சூழ்ச்சி என்றார். தூள் வாங்க வேறு ஒருவரைப் பிடித்தார். அவர் வந்து பார்க்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. களம் முன்னைவிட மும்முரமாக ஓடியது. மஞ்சித்தூள் கப்பலேறி எந்தெந்த ஊருக்கோ போனது. அங்கே எந்தெந்த மேட்டையோ வெட்டாமல் விட்டிருப்பார்கள். எங்கள் பள்ளத்தில் பெரியப்பாவின் தென்னைகள் மஞ்சளாகிக் குருத்துக் கருகின.

பெரியப்பா மயிலையைக் கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் விற்றார். மாடு போன பிறகு அந்த வீட்டில் காலையில் சத்தமே இருக்காது. கொஞ்ச நாளில் பெரியம்மாவின் தம்பி போத்தனூரிலிருந்து வந்து, அங்கே வாடகைக்கு வீடு பார்த்திருப்பதாகச் சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

கிளம்புகிற அன்று டெம்போவில் கட்டில், அண்டா, இரண்டு பெட்டி. அவ்வளவுதான் சாமான். அப்பா களத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூளைக் கிளறிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஆள் இருந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனேன். பெரியப்பா டெம்போவின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைத் திறந்து இறங்கினார். எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"ஏம் பெரியப்பா அன்னைக்கு அவருக்குத் தண்ணி குடுக்கல?"

அவர் என் தலையில் கை வைத்து, "அடுத்த வாட்டி வந்தாருன்னாக் குடுத்தர்லாம் கண்ணு" என்றார். "போயிட்டு வாரேன். அப்பாவுக்குச் சொல்லு."

நான் சொன்னேன். அப்பா கிளறுவதை நிறுத்தாமல் "ம்" என்றார்.

போத்தனூரில் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும், இரவெல்லாம் தூக்கம் வராது என்று பெரியம்மா போனில் சொல்லுவாள். ரயில் சத்தத்தால் தூக்கம் வரவில்லை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். மறு வருடம் மார்கழியில் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

உடம்பை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, வாசலில் பந்தல் போட்டார்கள். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பிதான் எல்லாம் செய்ய வேண்டும். குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துவரப் பங்காளிகள் கிளம்பினார்கள். மேளம் முன்னால் போக, அப்பா குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, வழக்கப்படி அவருடைய கிணற்றுக்கே போனார். வாளியை இறக்கினார். மேலே வந்த தண்ணீரைப் பார்த்தார். அந்த நிறத்தை அவ்வளவு பக்கத்தில் அவர் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். வாளியைக் குடத்தில் சாய்க்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பெரியவர் ஒருவர், "ஊத்துப்பா, நேரமாகுது" என்றார்.

"இதையெப்படிங்க எங்கண்ணன்மேல ஊத்தறது?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டுக் கிணற்றுச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தக் கூட்டம் அப்படியே திரும்பி, ஊருக்குள் போய், பஞ்சாயத்துக் குழாயில் வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட, அங்கே குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தது.

அதன் பிறகு அப்பா களத்தை மூடினார். மாமா வேறு யோசனைக்குப் போய்விட்டார். அப்பா மேல்காட்டில் விழும் மழையெல்லாம் கீழ்க்காட்டுக் கிணற்றுக்குப் போகும்படி தானே வாய்க்கால் வெட்டினார். மழைக்கு முன்னால் மோட்டார் போட்டு அந்தக் கிணற்றை இறைப்பார். மழை வந்து ஊறுவதைப் பார்ப்பார். மறுபடி இறைப்பார். இத்தனை வருடத்தில் காப்பி டீயாகி, டீ வெறும் கலங்கலாகி இருக்கிறது. நான் சோமனூரில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். லீவில் போனால் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "போன மாசத்துக்கு இப்பத் தேவலாமா அம்மணி?" என்று கேட்பார். தேவலாமுங்கப்பா என்பேன். அவர் குடித்துப் பார்க்க மாட்டார். என்னையும் விட மாட்டார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. சாவு வீட்டில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பெரியப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கச் சொல்லி அம்மா என்னைத் தூக்கிக் காட்டினாள். நான் பார்த்தேன். அப்போது ரோட்டில் ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அம்மாவின் கையிலிருந்து நழுவி இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரர் இல்லை. பல்லடத்திலிருந்து யாரோ சொந்தக்காரர்கள் மாலையோடு இறங்கினார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பெரியப்பா செத்துப்போனதற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து ஒரு அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்காக இல்லை. அந்த வெள்ளைக்காரர் என்றைக்காவது திரும்பி வந்து தண்ணீர் கேட்டால், தருகிறேன் என்று சொன்ன பெரியப்பா இங்கே இல்லையே, இனி யார் கொடுப்பார்கள் என்று அழுதேன்.